மூன்றாவது குழாய்

திங்கட்கிழமை, காலை 11.32.

அறுவை அரங்கின் தொலைபேசி ஒலித்தபோது சுப்புராயனின் வயிறு திறந்திருந்தது. கல்லீரலில் எலுமிச்சை அளவு கட்டி. அதைச் சுற்றி ஓரம் மட்டும் பிரித்திருந்தார்கள். நடுவெட்டு பாக்கி.

தாதி ஆரோக்கியசெல்வி ரிசீவரைக் காதில் வைத்தாள். ஆய்வகத்தில் இருந்து டேனியல். சோதனைக்கு அனுப்பிய இரத்தத்தைப் பற்றி அவன் சொன்ன எண்களை அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"மூணாவது குழாய். ஏ.எஸ்.டி. முந்நூற்றுத் தொண்ணூறு. எல்.டி.ஹெச். நாலாயிரத்து எண்ணூறு. பொட்டாசியம் ஒம்பது புள்ளி ஒண்ணு."

டாக்டர் நாகராஜனின் கை நின்றது.

கல்லீரலை வெட்டும்போது இரத்தம் பெருகாமல் இருக்க, அதற்குள் போகும் இரத்த நாளங்களைச் சற்று நேரம் இடுக்கி போட்டு நெருக்கிப் பிடிப்பார்கள். பதினைந்து நிமிடம் பிடிப்பு, ஐந்து நிமிடம் விடுப்பு. அளவு மீறினால் ஈரல் சாகத் தொடங்கும். செத்த செல்கள் உடைந்து, உள்ளே இருப்பவை எல்லாம் இரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. ஒரு மணி நேரம் முன்பு எல்.டி.ஹெச். வெறும் முந்நூற்று நாற்பது.

"இடுக்கிய எடுங்க" என்றார் டாக்டர். "பொட்டாசியத்துக்கு மருந்து கொடுங்க. மூடிடலாம்."

"கட்டி, சார்?"

"சந்தேகம்னா நிறுத்திடணும், செல்வி."

12.40க்கு வயிறு தைக்கப்பட்டது. கட்டி உள்ளேயே இருந்தது.

செவ்வாய், மாலை 3.10.

துணை ஆய்வாளர் ரோஸ்லின் வில்லியனூரில் இருந்த அந்தச் சிறிய அறக்கட்டளை மருத்துவமனைக்குள் வந்தபோது வாயில் பனங்கற்கண்டு இருந்தது. முந்தைய நாள் வைகாசித் தேர். காலை ஏழில் இருந்து கீழவீதி முனையில் பந்தோபஸ்து. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பத்தாததற்கு விசில் வேறு. அது இன்னும் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

புகார் கொடுத்தவர் ஒதியம்பட்டு அய்யனார். நோயாளியின் மச்சான்.

"எழுதிக்குங்க மேடம். டாக்டரு அவசரப்பட்டாரு."

"இன்னா அவசரம்?"

"தேரு. அவுங்க வூட்டுக்குத்தான் மொத மாலை. பன்னண்டுக்குள்ள போவணும்னு நரம்ப நெருக்கிப் புடிச்சிட்டாரு. ஈரலு செத்துப்போச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்கறது? வெளிய ஒக்காந்து மூணு டீ குடிச்சேன்."

"தேர் அன்னிக்கு ஆப்பரேஷன் வைக்கச் சொன்னது யாரு?"

அய்யனார் தன் அக்காவைப் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த சுப்புராயனின் மனைவி பவுனம்மாள் மெல்ல எழுந்தாள்.

"நான்தாம்மா. நல்ல நாளுன்னு டாக்டரு கையப் புடிச்சிக் கேட்டேன்." அவள் குரல் இறங்கியது. "இன்னொண்ணும் இருக்கும்மா. தம்பிக்கிட்டகூடச் சொல்லல. எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நர்சு சொல்லிச்சு. நான் கோயில் தீர்த்தம் ஒரு சொட்டு அவரு ஒதட்டுல தடவிட்டேன். அதனாலயா?"

"எப்ப?"

"விடியக்காலையில. ஆறு மணி இருக்கும்."

ரோஸ்லின் குறித்துக்கொண்டாள். "கவலப்படாதீங்கம்மா. கேட்டுச் சொல்றேன்."

மாலை 3.40. டாக்டரின் அறை.

நாகராஜனுக்குக் கண்கள் சிவந்திருந்தன. இரவெல்லாம் தூங்கவில்லை என்பதைச் சட்டைப் பொத்தானே சொன்னது. ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"நான் தப்பு செஞ்சிருந்தா ஒத்துக்கறேன்மா. ஆனா அது இல்ல இப்பப் பெரிய விஷயம். ஈரல் நிஜமாவே செத்திருந்தா அவரை இனிமே தொட முடியாது. நல்லா இருந்தா பத்து நாளுக்குள்ள மறுபடி திறந்து எடுத்துடலாம். கட்டி பக்கத்து ரத்தக்குழாயத் தொட்டுக்கிட்டு நிக்குது. விட்டா அதுக்குள்ள போயிடும். நாளைக்கு மத்தியானம் குழு கூடுது. வீட்டுக்கு அனுப்பறதா, வச்சுக்கறதான்னு."

"உங்களுக்கே தெரியலையா சார்?"

"தெரியல. மயக்க மருத்துவர் சொல்றார், பொட்டாசியம் ஒன்பதுன்னா இதயக் கோடு கோணலா ஓடியிருக்கணும், இது நேராத்தான் ஓடிச்சுன்னு. ஆனா எண்ணு எண்ணுதானே."

"ஒரு சொட்டுத் தீர்த்தம்?"

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "எட்டரைக்கு எடுத்த முதல் குழாய் சுத்தம். ஒன்பது நாற்பதுக்கு ரெண்டாவது. இடுக்கி போட்டா ஏறவேண்டிய அளவுதான் ஏறியிருந்தது. விடிகாலைத் தீர்த்தம் மூணாவது குழாய்க்குன்னு காத்துக்கிட்டா இருக்கும்?"

அரங்கின் பதிவேட்டை ஆரோக்கியசெல்வி கொண்டு வந்தாள். ஒவ்வொரு பிடிப்பும் ஒவ்வொரு விடுப்பும் நிமிடக் கணக்கில் இருந்தது. பதினைந்து, ஐந்து. பதினைந்து, ஐந்து. ஒரு நிமிடம்கூட மீறவில்லை.

"10.45, பச்சைச் சாயம்னு எழுதியிருக்கே. அது இன்னா?"

"ஈரலோட எல்லை தெரியறதுக்காக ஊசி வழியா போடறது மேடம். நல்ல ஈரல் கால் மணி, அரை மணியில அதைப் பித்தத்துல வெளியேத்திடும்."

"மூணாவது குழாய் எடுத்தது?"

"10.48."

பதிவேட்டில் இருந்த நான்கு குழாய்களின் நேரங்களையும் ரோஸ்லின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

மாலை 4.20. ஆய்வகம்.

அரங்கு வீதியின் இந்தப் பக்கம். ஆய்வகம் எதிர்ப்பக்கம், பழைய கட்டடத்தில். நடுவே தேரோடும் கீழவீதி. வாசலில் இருந்து வாசலுக்கு அறுபத்திரண்டு எட்டு. ரோஸ்லின் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

டேனியல் தவளக்குப்பத்துப் பையன். தினமும் பைக்கில் வந்து போகிறவன். கேட்பதற்கு முன்பே பேசினான்.

"மிஷின்ல தப்பு இல்ல மேடம். ரெண்டு வாட்டி ஓட்டினேன்."

"நாலு குழாயும் இருக்கா?"

"ஒரு வாரம் வச்சிருப்போம்."

குளிர்பெட்டியில் இருந்து குழாய்த் தாங்கியை எடுத்து வைத்தான். தாங்கியோடு அவனுடைய பதிவேடும் வந்தது. ரோஸ்லின் எண்களின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது மூணும் எகிறியிருக்கு. இந்த ஏ.எல்.டி. மட்டும் நூத்து நாலுல இருந்து நூத்து இருபத்தாறு. ஏன் இது மட்டும் சும்மா ஒக்காந்திருக்கு?"

டேனியல் தலையைச் சொறிந்தான். "ஈரல் அடிபட்டா ஏ.எஸ்.டி.யும் ஏ.எல்.டி.யும் சேந்துதான் ஏறும். அண்ணன் தம்பி மாதிரி. இதுல தம்பி வரல."

"நாலாவது குழாய், 12.25. எல்.டி.ஹெச். அறுநூத்து இருபது. பொட்டாசியம் நாலு. எப்பிடி இறங்கிச்சு?"

"பொட்டாசியத்துக்கு மருந்து குடுத்தாங்க."

"எல்.டி.ஹெச்.க்கு?"

"அதுக்கு மருந்து கிடையாது மேடம்." சொன்ன பிறகுதான் அவன் விழித்தான். "ஒன்றரை மணி நேரத்துல அவ்ளோ இறங்கவும் இறங்காது."

பதிவேட்டில் நிறத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஒன்று, மஞ்சள். இரண்டு, மஞ்சள். மூன்று, பழுப்பு, பச்சைச் சாயம் காரணம். நான்கு, மஞ்சள்.

"பச்சை போட்டா பச்சையாத்தானே இருக்கணும்?"

"சாயம் போடறோம், நிறம் மாறும்னு முன்னாடியே போன் வந்துச்சு. மாறியிருந்துச்சு. அதான் அப்பிடி எழுதினேன்."

அடுத்த கட்டம், வந்து சேர்ந்த நேரம். ரோஸ்லின் உள்ளங்கையை அதன் பக்கத்தில் வைத்தாள். முதல் குழாய் ஐந்து நிமிடத்தில் வந்திருந்தது. இரண்டாவது நான்கு. நான்காவது ஆறு. மூன்றாவது, 11.16.

இருபத்தெட்டு நிமிடம். அறுபத்திரண்டு எட்டுக்கு.

எடுத்த நேரம் ஒரு கட்டடத்திலும் சேர்ந்த நேரம் மறு கட்டடத்திலும் இருந்தன. இரண்டையும் யாரும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

அவள் மூன்றாவது குழாயை வெளிச்சத்தில் திருப்பினாள். மற்ற மூன்றின் லேபிளிலும் பேனா எழுத்து பளிச்சென்று இருந்தது. இதில் மை கசிந்து ஓடியிருந்தது. காய்ந்த ஈரத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, வியர்த்துக் காய்ந்த சட்டையில் தெரிவது போல.

"யாரு எடுத்துட்டு வந்தது?"

"கலியம்மாக்கா."

மாலை 5.00.

உதவியாளர் கலியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மருத்துவமனையில் பத்தொன்பது வருடம். ரத்தச் சோதனைக் குழாய்களை எடுத்துப் போகும் நீல டப்பா அவள் மடியில் இருந்தது. அவள் ரோஸ்லினின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய விசிலையே பார்த்தாள்.

"நேரா போனீங்களா?"

"நேராத்தான் போனேன் மேடம்."

"இருபத்தெட்டு நிமிஷம்?"

"கூட்டம்."

"வடம் புடிச்சீங்களா? வருஷா வருஷம் புடிப்பீங்களாமே. செல்வி சொன்னாங்க."

கலியம்மாளின் கண் நிறைந்தது. "இந்த வருஷம் புடிக்கல."

"ஏன்?"

டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு மேலயும் நான் பழி சொல்ல மாட்டேன் மேடம். எது வந்தாலும் என்னோட போவட்டும்."

மாலை 6.10.

தேர் நிலைக்கு வந்துவிட்டாலும் வீதிக் கடைகள் இன்னும் கலையவில்லை. வளையல், பொரி, பலூன். ஆய்வகத்துக்கு நேர் எதிரே, அரங்கின் பக்கத்தில், சிவப்புத் துணி சுற்றிய மண்பானையோடு ஒரு குல்ஃபி வண்டி. அதன் உரிமையாளர் பாக்யராஜ் பானைக்குள் கையை விட்டு ஒரு குல்ஃபியை எடுத்து நீட்டினார்.

"தொண்ட கட்டிக்கிச்சு, வேணாங்க" என்றாள் ரோஸ்லின். ஆனால் பார்வை அவர் கையிலேயே நின்றது. மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, ஈரம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு.

"கையில இன்னா அது?"

"உப்பு மேடம். ஐஸ்ல கல்லுப்பு போட்டாத்தான் பால் இறுகும். வெறும் ஐஸுன்னா சில்லுன்னு ஆவுமே ஒழிய கட்டியாவாது. உப்பு போட்டா அப்பிடியே கல்லு."

ரோஸ்லின் பனங்கற்கண்டை மெல்வதை நிறுத்தினாள்.

"நேத்து ஆஸ்பத்திரி அம்மா ஒருத்தங்க இங்க வந்தாங்களா?"

"வந்துச்சு. நீல டப்பா. வெயில்ல ரத்தம் கெட்டுடப் போவுதுண்ணா, ஒரு கை ஐஸ் போடுன்னுச்சு. பாவமா இருந்துச்சு, ரெண்டு கை போட்டேன். காசு நீட்டிச்சு, போம்மா, உசுரு காரியம்னேன்."

"ஏன் இங்க நின்னாங்க? எதிர்லதானே ஆய்வகம்?"

பாக்யராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கவுறு கட்டியிருந்துச்சே மேடம்" என்று சொல்லிவிட்டு, அவசரமில்லாத ஒரு குல்ஃபியை அவசரமாகத் துடைக்கத் தொடங்கினார்.

புதன், காலை 10.00. ஆய்வகம்.

ரோஸ்லின் சீருடையின் கையை மடக்கி நீட்டினாள்.

"எடுப்பா. மூணு குழாய்."

"உங்க ரத்தமா மேடம்?"

"பின்ன, ஸ்டேஷன்ல போய் கடனாவா வாங்கிட்டு வரட்டும்?"

முதல் குழாய் மேசைமேல். இரண்டாவது வெறும் ஐஸில். மூன்றாவது, பாக்யராஜின் பானையில் இருந்து நேராகக் கொண்டுவந்த ஐஸில். இருபது நிமிடம் கழித்து மூன்றையும் எடுத்தார்கள். மூன்றாவதை டேனியல் சாய்த்தான். அசையவில்லை. இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது.

உருகிய பிறகு சுழற்றினார்கள். முதல் இரண்டிலும் மேலே தெளிந்த மஞ்சள். மூன்றாவதில் செம்பருத்திச் சாறு.

இயந்திரம் எண்களைத் துப்பியது. மூன்றாவது குழாயில் எல்.டி.ஹெச். ஆயிரங்களில். பொட்டாசியம் பத்தைத் தாண்டி. ஏ.எஸ்.டி. பல மடங்கு. ஏ.எல்.டி. மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"இந்த எண்ணப் பாத்தா மேடத்தோட ஈரல் நேத்தே செத்துப்போச்சு" என்றான் டேனியல். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மதியம் 12.30. டாக்டரின் அறை.

அய்யனாரும் பவுனம்மாளும் நாற்காலியில். டேனியலும் ஆரோக்கியசெல்வியும் சுவரோரம். கலியம்மாள் கதவருகே, போகச் சொன்னால் போய்விடத் தயாராக.

"டாக்டர் நெருக்கிப் பிடிக்கல" என்றாள் ரோஸ்லின். "நிமிஷக் கணக்கு இருக்கு. அவர் வீட்டு மாலையும் அவர் இல்லாமயே தேருக்குப் போயிடுச்சு, விசாரிச்சேன். தீர்த்தமும் ஒண்ணும் பண்ணல. ஈரல் சாகவே இல்ல. செத்தது குழாய்க்குள்ள இருந்த ரத்தம்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"தேர் முனையில திரும்பாம நின்னுடுச்சு. வீதியக் கடக்க முடியல. உச்சி வெயில். ரத்தம் சூடாயிடக் கூடாதுன்னு பத்தொன்பது வருஷமா கேட்டுப் பழகின ஒரு அம்மா, குல்ஃபிக்காரர்கிட்ட ஐஸ் வாங்கி டப்பாவுல போட்டாங்க. வெறும் ஐஸா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அது உப்பு ஐஸ். ரத்தம் உறைஞ்சு, ஐஸ் வெயில்ல கரைஞ்சதும் ஆய்வகம் போறதுக்குள்ள மறுபடி உருகிடுச்சு. அதுல சிவப்பணு உடைஞ்சுபோச்சு. உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு."

டேனியல் தாழ்ந்த குரலில் தொடர்ந்தான். "சிவப்பணுவுல எல்.டி.ஹெச்., பொட்டாசியம், ஏ.எஸ்.டி. எல்லாம் நிறைய இருக்கு சார். ஏ.எல்.டி.தான் ரொம்பக் கம்மி. குழாய் செவப்பா இருந்திருந்தா பாத்ததுமே தூக்கிப் போட்டிருப்பேன். பச்சைச் சாயத்தோட செவப்பு கலந்து பழுப்பாயிடுச்சு. சாயம்னு நெனச்சிட்டேன். என் தப்பும் இருக்கு."

"அந்தச் சாயம்தான் நமக்குச் சாட்சி" என்றாள் ரோஸ்லின். "12.25 குழாய் என்ன நிறம் டாக்டர்? மஞ்சள். செத்த ஈரல் ஒன்றரை மணி நேரத்துல சாயத்தை வெளியேத்துமா?"

நாகராஜன் நெற்றியில் அறைந்துகொண்டார். "பதிவேட்டுல என் கண்ணு முன்னால இருந்திருக்கே! எண்ணை மட்டும் பாத்துட்டு நிறத்தை விட்டுட்டேனேம்மா."

பவுனம்மாள் எதுவும் புரியாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப அவருக்கு ஈரலு நல்லா இருக்குதா?"

"இருக்கும்மா. இன்னைக்கே மறுபடி சாயம் போட்டுப் பாக்கறேன். வெளியேறிட்டா அடுத்த திங்கள் எடுத்துடலாம்."

அவள் கை கூப்பினாள். அய்யனார் எழுந்து கதவுப் பக்கம் கை நீட்டினார்.

"அப்ப குத்தவாளி இந்தம்மாதானே? எழுதுங்க மேடம்."

"இருங்க. இன்னும் ஒரு ஆளு பாக்கி." ரோஸ்லின் சட்டைப்பையில் இருந்து ஒரு சிறு டைரியை எடுத்தாள். "இது என் பந்தோபஸ்து டைரி. நேத்து ராத்திரி புரட்டினேன். 10.50 முதல் 11.14 வரை, கீழவீதி முனை, கயிறு கட்டி யாரையும் கடக்க விடல. பொறுப்பு, ரோஸ்லின்."

டைரியை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரிச் சீலையில ஒருத்தங்க டப்பாவத் தூக்கிக் காட்டினாங்க. நான் என்னன்னு கேக்கல. விசில் ஊதினேன். ஆயிரம் முகத்துல அந்த முகம் எனக்கு ஞாபகம் இல்ல. அவங்களுக்கு இருந்துச்சு. நேத்து என்னப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கலியம்மா, ஏன் சொல்லல?"

கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னான்னு சொல்றது மேடம்? கவுத்துக்கு அந்தாண்ட ஒரு கொழந்த சக்கரத்துகிட்ட ஓடிச்சு. நீங்கதான் பாஞ்சி இழுத்தீங்க. நான் பாத்தேன். அந்தக் கவுறு இல்லன்னா அன்னிக்கு இன்னா ஆயிருக்கும்? உங்க வேலைய நீங்க செஞ்சீங்க. அத எப்பிடிப் பழின்னு சொல்றது?"

"வடம் ஏன் புடிக்கல? கைக்கெட்டற தூரத்துல இருந்திருக்குமே."

"கையில ஒருத்தர் ரத்தம் இருந்துச்சே" என்றாள் அவள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

அய்யனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "புகார வாபஸ் வாங்க எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்று கேட்டார்.

குற்றம் என்று தேடிப் போனால் சில சமயம் நல்லெண்ணம்தான் அகப்படுகிறது. உப்பு எங்கே சேரலாம், எங்கே சேரக்கூடாது என்று தெரியாத நல்லெண்ணம். அதற்குத் தண்டனை எதற்கு? சொல்லிக்கொடுத்தால் போதும். டாக்டர் அன்றே நீல டப்பாவின் மூடியில் தன் கையால் எழுதி ஒட்டினார்: "வெளி ஐஸ் வேண்டாம். தாமதமானால் போன் செய்யுங்கள்." ரோஸ்லின் தன் அறிக்கையின் கடைசி வரியில், மருத்துவமனை ஊழியரைத் தேர் நாளிலும் கடக்க விட வேண்டும் என்று எழுதி, கடக்க விடாதவர் பெயராகத் தன் பெயரை எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை, காலை 10.41.

கீழவீதியில் தேர் இல்லை. ஆனால் டவுன் பஸ் இருந்தது, கரும்பு ஏற்றிய டிராக்டர் இருந்தது, யாருக்கும் வழிவிடாத ஒரு ஷேர் ஆட்டோ இருந்தது. அரங்கின் வாசலில் நீல டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தியபடி கலியம்மாள் வெளியே வந்தாள். உள்ளே மூன்றாவது குழாய்.

வீதியின் நடுவில் விசில் ஊதியது.

பஸ் நின்றது. டிராக்டர் நின்றது. ஷேர் ஆட்டோகூட நின்றது. ரோஸ்லின் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள்.

"யாரு மேடம் வராங்க, மந்திரியா?" என்று ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"ரத்தம் வருது. வாய மூடிக்கிட்டு இருப்பா."

கலியம்மாள் நடந்தாள். அறுபத்திரண்டு எட்டு. டேனியல் ஆய்வக வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

11.04க்கு அரங்கின் தொலைபேசி ஒலித்தது. ஆரோக்கியசெல்வி எண்களை உரக்கத் திருப்பிச் சொன்னாள். கடைசியாக, யாரும் கேட்காமலே, ஒன்றைச் சேர்த்தாள்.

"நிறம், பச்சை சார். நல்ல பச்சை."

நாகராஜன் தலையசைத்தார். அவர் கை நிற்கவில்லை.